வர்த்தமானி சம்பளத்தைச் சொல்கிறது, கிலோவை யார் சொல்வது? தோட்டச் சம்பளமும் கூட்டு ஒப்பந்தமும்

கந்தப்பளை மைந்தன்

2025 நவம்பரில் 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத்திட்ட உரை முடிந்ததிலிருந்து இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில், எங்கள் பக்கம் வேறு பேச்சே இல்லை. 1,350 ரூபாவாக இருந்த தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,550 ஆகும், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் தன் கையால் 200 ரூபா தரும், மொத்தம் 1,750 என்று ஜனாதிபதி அறிவித்திருக்கிறார். சந்தோஷம்தான். கூடுதலாக வருகிற ஒரு ரூபாவையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் நிதானமாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன பிறகு, நம் சம்பளத்தைத் தீர்மானித்தது கூட்டு ஒப்பந்தம். ஒரு பக்கம் கம்பனிகளுக்காக முதலாளிமார் சம்மேளனம். மறுபக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.), இலங்கை தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்க கூட்டுக் கமிட்டி. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போடுவார்கள். 2021 மார்ச்சில், முதலாளி, தொழிலாளர், அரசு மூன்று தரப்பும் இருக்கும் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா அரசாங்க வர்த்தமானியில் வந்ததும் கம்பனிகள் ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொண்டன. "சம்பளத்தை அரசாங்கம் தீர்மானித்துவிட்டது, இனி உங்களோடு பேச எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு.

பேச நிறைய இருந்தது. ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழுநாள் கூலிக்கு, எத்தனை கிலோ கொழுந்து, அதற்கு மேல் எடுக்கும் மேல்கிலோவுக்கு எவ்வளவு, மழைக்காலத்தில் கொழுந்து இல்லாத மலைக்கு என்ன கணக்கு, மருந்தடிக்கிறவருக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும், இதெல்லாம் ஒப்பந்தத்திலும் அதை ஒட்டிய தோட்ட வழக்கத்திலும் இருந்தவை. ஒப்பந்தம் போனதும் இவை எல்லாம் தோட்டத்தை நடத்தும் துரையின் மேசைக்குப் போய்விட்டன. பதினாறு கிலோவாக இருந்த இடத்தில் பதினெட்டு, இருபது, அதற்கும் மேல் கேட்டார்கள். சம்பளத்தில் எப்போதும் இரண்டு எண் உண்டு, ஒன்று ரூபா, மற்றது கிலோ. வர்த்தமானி ரூபாவை மட்டும்தான் சொன்னது.

அரசாங்கம் சம்பளத்தை நிர்ணயிப்பதை வரவேற்கிறேன். அதோடு கூட்டு ஒப்பந்தத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

லயத்துப் பிள்ளை

அண்ணன், கூட்டு ஒப்பந்தத்தை இவ்வளவு அழகாகச் சொல்லாதீங்க. அந்தக் காலத்தில் வீட்டில் சோறாக்கின எங்கள் அம்மாமாரைக் கேளுங்க.

2013 ஒப்பந்தம் 2015 மார்ச்சோடு முடிஞ்சது. அடுத்தது எப்போ வந்தது? 2016 அக்டோபரில். பத்தொன்பது மாசம். அந்தப் பத்தொன்பது மாசத்துக்கு நிலுவை கிடைச்சதா? இல்லை. இரண்டு பக்கமும் மேசையில் உட்கார்ந்துதான் இருந்தாங்க, பசி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் இருந்தது.

அதுக்குப் பிறகு வந்த 730 ரூபா என்ன? அடிப்படைச் சம்பளம் 500. மிச்சத்தில் 60 வரவுக் கொடுப்பனவு, 140 உற்பத்திக் கொடுப்பனவு, 30 விலைப் பங்கு. மாசத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வராட்டி வரவுக்காசு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றாலும் வெட்டுத்தான். ஊழியர் சேமலாப நிதிக்குக் கணக்கு அந்த 500க்கு மட்டும். அறுபது வயதில் கைக்கு வருகிற காசு இந்த ஒப்பந்தங்களாலேயே சுருங்கிப் போச்சு.

2019 ஜனவரியில் 700 அடிப்படை, 50 விலைப் பங்கு. "அடிப்படையில் 200 ரூபா உயர்வு" என்று மாலை போட்டாங்க. வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் சேர்ந்த 200ஐத் தூக்கி அடிப்படையில் வச்சாங்க, அவ்வளவுதான். ஒழுங்காக வேலைக்குப் போனவளுக்கு 730 இருந்தது 750 ஆச்சு. இருபது ரூபா. சேமலாப நிதிக்கு அது நல்லது, மறுக்கலை. ஆனால் 2015இலிருந்து ஆயிரம் ஆயிரம் என்று கேட்டுக்கிட்டிருந்த சனத்துக்கு அந்த இருபது ரூபாவை எப்படி விளக்குவீங்க?

2018இல் நம்ம பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் கூடினது யாருக்கு எதிராக? கம்பனிக்கு எதிராக மட்டும் இல்லை, கையெழுத்துப் போடப் போறவங்களுக்கும் எதிராகத்தான். ஆயிரம் ரூபா வந்தது அரசாங்கத்தால். ஒப்பந்தத்தால் வரலை.

பொகவந்தலாவையிலிருந்து

தங்கச்சி சொல்வது முழுக்க உண்மை. மைந்தன் சொல்வதும் உண்மை.

எங்கள் வீட்டுச் சம்பளச் சிட்டையை வைத்தே சொல்கிறேன். 25 நாள் பேர் விழுந்தால் 1,350 வீதம் 33,750 ரூபா வரவேண்டும். அதில் பத்து நாள் கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது பாதிக்கூலி, போட்டால் 27,000தான். 6,750 ரூபா போய்விட்டது. நிறுத்துப் பார்த்துவிட்டு அரைப்பேர் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். வர்த்தமானியில் உள்ள எண் அப்படியே இருக்கிறது, கைக்கு வருவது வேறு.

பழைய கணக்கப்பிள்ளை

முப்பது வருடங்களுக்கு மேல் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு எழுதியவன் நான். கம்பனிக்காகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் அந்தப் பக்கக் கணக்கும் இழையில் இருக்க வேண்டும்.

ஒரு கிலோ தேயிலை செய்யும் செலவில் பாதிக்கு மேல் கூலி. விலையைத் தீர்மானிப்பது கொழும்பு ஏல விற்பனை. அங்கே வாங்குபவர் எந்தத் தோட்டத்தில் எவ்வளவு சம்பளம் என்று கேட்பதில்லை. நாட்டின் தேயிலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. அங்கே கொழுந்தைக் கிலோக் கணக்கில்தான் வாங்குகிறார்கள். அதே ஏலத்துக்குத்தான் பெருந்தோட்டத் தேயிலையும் போகிறது. இந்த நிலையில் கொழும்பிலிருந்து ஒரே எண்ணை எல்லாத் தோட்டத்துக்கும் எழுதினால், நல்ல மலையுள்ள தோட்டம் தாங்கும், முதிர்ந்த செடியும் வெற்றிடமுமாக இருக்கும் தோட்டம் தாங்காது. அது என்ன செய்யும்? ஒன்று கிலோவை ஏற்றும், இல்லாவிட்டால் வேலைநாளைக் குறைக்கும். நான் பார்த்தது இரண்டும்தான்.

கூட்டு ஒப்பந்தத்தில் விலைப் பங்கு என்று ஒன்று இருந்தது. அது சிறிய தொகைதான், ஆனாலும் ஏல விலையோடு சம்பளத்தை இணைக்கும் ஒரு வழி. வெளிவாரி முறை என்று ஒரு தொழிலாளியிடம் குறிப்பிட்ட செடிகளை ஒப்படைத்து, எடுக்கும் கொழுந்துக்கு விலை கொடுக்கும் ஏற்பாடும் பேச்சில் இருந்தது. இவற்றை வர்த்தமானியால் செய்ய முடியாது. இரு தரப்பும் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.

லயத்துப் பிள்ளை

ஐயா, மரியாதையோடு ஒரு கேள்வி. 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 வரைக்கும் போனது. ஏலத்தில் தேயிலை ரூபாக் கணக்கில் ஏறினது. அந்த விலையில் எங்களுக்கு என்ன பங்கு வந்தது? 2021 மார்ச்சில் ஆயிரம், 2024 செப்டெம்பர் வரைக்கும் அதே ஆயிரம். மா, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் இரண்டு மூன்று மடங்கு ஏறின காலம் அது. விலை குறையும்போது மட்டும் ஏலத்தைக் காட்டி, ஏறும்போது வாயை மூடிக்கொள்வதற்குப் பெயர் பேச்சுவார்த்தையா?

பழைய கணக்கப்பிள்ளை

அந்தக் கேள்வி நியாயம். மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மூன்றரை வருடமும் கூட்டு ஒப்பந்தம் இல்லாத காலம் என்பதையும் கவனியுங்கள், மகள். ஒப்பந்தம் இருந்திருந்தால் இரண்டு வருடத்தில் மறுபடி மேசைக்கு வந்தாக வேண்டும். விலை ஏறியது அங்கே பேசப்பட்டிருக்கும். வர்த்தமானிக்கு அப்படி ஒரு தவணை இல்லை.

வடமராட்சி மாணவன்

நான் தோட்டப் பகுதியைச் சேர்ந்தவன் அல்ல, பொருளியல் படிப்பவன். வெளியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வர்த்தமானிக்குத் தவணை இல்லை என்று ஐயா சொன்னார். உண்டு, தேர்தல்தான் தவணை. 2019 ஜனாதிபதித் தேர்தலில் ஆயிரம் ரூபா வாக்குறுதி. 2020 ஜனவரியில் மார்ச் 1 முதல் கொடுக்கச் சொல்லி உத்தரவு, நடக்கவில்லை. பிறகு 2021. அடுத்தது 2024 மே தினம்: கொட்டகலை மேடையில் 1,700 என்று அன்றைய ஜனாதிபதி அறிவித்தார், வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு 1,350 அடிப்படை, மேலதிக கிலோவுக்கு 50 ரூபா என்று சபையில் முடிவானது. அந்த 1,350 வர்த்தமானியானது செப்டெம்பரில். 21ஆம் திகதி வாக்களிப்பு.

சம்பளம் வாக்குச் சீட்டோடு கட்டப்பட்டால் தேர்தல் இல்லாத வருடங்களில் அது நகராது. சுவீடனில் சட்டத்தால் விதித்த குறைந்தபட்சச் சம்பளமே கிடையாது. எல்லாம் கூட்டு ஒப்பந்தம்தான், பத்துத் தொழிலாளரில் ஒன்பது பேர் அளவுக்கு அதற்குள் வருகிறார்கள். அங்கே அரசாங்கம் தலையிட வந்தால் முதலில் எதிர்ப்பதே தொழிற்சங்கங்கள்தான். அரசாங்கம் தரும் சம்பளத்தை இன்னொரு அரசாங்கம் நிறுத்திவைக்கலாம் என்பது அவர்கள் அச்சம். இப்போது அறிவித்திருக்கிற 200 ரூபாவையும் அப்படித்தான் பார்க்கிறேன். தனியார் கம்பனியின் கூலியில் ஒரு பகுதியைத் திறைசேரி கொடுக்கிறது. திறைசேரி தளர்ந்தால் அந்த 200 என்ன ஆகும்? அதற்குச் சேமலாப நிதி உண்டா?

பொகவந்தலாவையிலிருந்து

தம்பி, சுவீடனில் வேலைநிறுத்தம் செய்பவன் எங்கே தூங்குவான்? தன் வீட்டில். இங்கே நாங்கள் குடியிருக்கும் லயம் கம்பனியின் கையில், தண்ணீர்க் குழாய் கம்பனியின் கையில், குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவம் கம்பனியின் கையில். ஒரு கிழமை வேலைநிறுத்தம் செய்தால் கடைக்காரன் கடனை நிறுத்துவான். இப்படி நிற்பவனும் கம்பனியும் சரிசமமாகப் பேரம் பேசுவது எப்படி?

சட்டக்குறிப்பு

தொழில் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கமா பேரமா என்ற கேள்வி மலையகத்தில் நூறு வருடப் பழசு. தோட்டத் தொழிலாளருக்கான முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. அப்போது தோட்டங்களில் தொழிற்சங்கமே கிடையாது, இந்திய அரசாங்கத்தின் அழுத்தத்தால் வந்த சட்டம் அது. பேசுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் அரசு ஒரு தரையைப் போட்டது. தொழிற்சங்கங்கள் வளர்ந்த பிறகு, 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்த வருடமே தோட்ட முதலாளிமார் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கை செய்துகொண்டன. அது பேரத்தின் வழி. மறு வருடமே, 1941இல், சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம். மறுபடி அரசின் வழி. ஆக இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகவே வளர்ந்தன.

சபை என்றால் அரசாங்கம் மட்டும் அல்ல. முதலாளிகள், தொழிலாளர் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள், அமைச்சர் நியமிக்கும் மூவர் வரை, தலைமையில் தொழில் ஆணையாளர். இரு தரப்பும் ஒத்துப்போனால் அது ஒரு வகைக் கூட்டுப் பேரமே. ஒத்துப்போகாவிட்டால் அந்த மூவரின் கை எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம் முடிவு. 2021இல் அப்படித்தான் முதலாளிகளின் எதிர்ப்பை மீறி நிறைவேறியது. அதை எதிர்த்துக் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயும் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

கூட்டு ஒப்பந்தத்துக்கு ஆதாரம் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம். அந்தச் சட்டத்தின்கீழ் வர்த்தமானியில் வந்த ஒப்பந்தம் ஒவ்வொரு தொழிலாளியின் வேலை நிபந்தனையாகவே ஆகிவிடும். நூற்றுக்கு நாற்பது அங்கத்தவர் உள்ள சங்கம் கேட்டால் முதலாளி பேச மறுக்கக்கூடாது என்று 1999 திருத்தம் சொல்கிறது. சம்பள நிர்ணய சபை ஒரு தொகையைத் தீர்மானித்தால் கூட்டு ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சபை சொல்வது அதற்குக் கீழே போகக்கூடாது என்ற எல்லை. அதற்கு மேலே எதைப் பற்றியும் பேசலாம். "அரசாங்கம் தீர்மானித்துவிட்டது, பேச ஒன்றுமில்லை" என்பது கம்பனிகள் எடுத்த நிலைப்பாடு, சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கூட்டுப் பேரம் பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 98ஆம் சமவாயத்தை இலங்கை 1972இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. அரசியலிலிருந்து முழுதாக விலகிய பேரம் மலையகத்தில் எப்போதாவது நடந்ததா என்று யோசியுங்கள். 1984இல் தோட்டங்கள் முழுக்க வேலைநிறுத்தம் செய்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் பெற்றார்கள். அப்போது தோட்டங்கள் அரசுக்குச் சொந்தம். போராடிய சங்கத்தின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அதே அரசாங்கத்தில் அமைச்சர். அங்கே முதலாளியும் அரசாங்கம், பேசியவரும் அமைச்சரவையில். ஆனாலும் வெற்றி வந்தது கொழுந்து எடுக்காமல் நின்ற கைகளால்.

மூணாறு மலர்

எங்க ஊர்க் கதையையும் சொல்லிடறேன். கேரளாவில் தோட்டத் தொழிலுக்குன்னு பிஎல்சி இருக்கு, பிளான்டேஷன் லேபர் கமிட்டி. அரசு, கம்பெனி, யூனியன் மூணும் ஒரே மேசையில். காகிதத்தில் பார்த்தா நீங்க கேக்கற ரெண்டும் அதுல இருக்கு.

2015 செப்டம்பரில் எங்க பொம்பளைங்க ரோட்டில் உக்காந்தாங்க. பெம்பிளை ஒருமை, பெண்கள் ஒற்றுமைன்னு பேரு. நாட்கூலி 232 ரூபாய், கேட்டது 500. போனஸ் இருபது சதவீதம் வேணும்னாங்க. யூனியன் தலைவருங்க யாரும் பக்கத்தில் வரக்கூடாதுன்னுட்டாங்க, ஏன்னா மேசையில் உக்காந்தவங்க எல்லாம் ஆம்பளைங்க, மலையில் குனிஞ்சவங்க எல்லாம் பொம்பளைங்க. போனஸை ஜெயிச்சாங்க. கூலிப் பேச்சு பிஎல்சிக்குப் போச்சு. அங்க முடிவானது 301. கூடவே 21 கிலோவா இருந்த நாள் அளவை 25 ஆக்கினாங்க.

அரசாங்கம் மேசையில் இருந்தும் கிலோ ஏறிச்சு. மேசை எதுன்னு பாக்கறதை விட, அதுல உக்காந்திருக்கறது யாருன்னு பாருங்க.

கந்தப்பளை மைந்தன்

மூணாறு அக்கா சொன்னது என் வாதத்தின் ஓட்டையைச் சரியாகத் தொட்டுவிட்டது. அதை வைத்துக்கொண்டே என் பேச்சைத் திருத்திச் சொல்கிறேன்.

ரூபா எண் சபையிடம் இருக்கட்டும். லயத்துப் பிள்ளை சொன்ன பத்தொன்பது மாசப் பட்டினி திரும்ப வரக்கூடாது, அதற்கு அரசின் தரை வேண்டும். ஆனால் அந்தத் தரைக்கும் தவணை வேண்டும். வருஷம் ஒரு முறை சபை கூடி வாழ்க்கைச் செலவைப் பார்த்து மாற்ற வேண்டும், தேர்தல் மேடைக்காகக் காத்திருக்கக் கூடாது. கிலோ, மேல்கிலோ விலை, அரைப்பேர், மழைநாள், வயதானவர்களுக்கான அளவு, இவற்றைக் கூட்டு ஒப்பந்தம் சொல்லட்டும். அதையும் ஒரே எண்ணாக நாடு முழுக்க எழுத வேண்டியதில்லை. நானுஓயா மலையும் தெனியாய மலையும் ஒன்றல்ல. கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன வித்தியாசத்தைத் தோட்ட மட்டத்தில் பேசலாம், ஆனால் எழுத்தில், கையெழுத்தோடு.

அரசாங்கம் தரப்போகிற 200 ரூபாவைப் பற்றி மாணவன் தம்பி கேட்டது முக்கியம். என் பயம் வேறு மாதிரி. அடுத்த முறை கம்பனி "மிச்சத்தையும் திறைசேரியிடம் கேளுங்கள்" என்று கையை விரிக்கும். அந்த 200ஐக் கொடுக்கும்போதே "கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கம்பனியின் தொழிலாளருக்குத்தான் இந்தக் காசு போகும்" என்று அரசாங்கம் நிபந்தனை போட்டால் என்ன?

லயத்துப் பிள்ளை

வேண்டாம் அண்ணன். கம்பனி கையெழுத்துப் போடலை என்று எங்கள் அம்மாவுக்கு 200 ரூபா வெட்டுவதா? தண்டனை போக வேண்டியது கம்பனிக்கு. குத்தகைக் காணி அரசாங்கத்தினுடையது. நிபந்தனை போட வேண்டுமானால் அந்தக் குத்தகையில் போடுங்க.

மற்றபடி ஒப்பந்தத்துக்கு நான் எதிரி இல்லை. என் கேள்வி எல்லாம் யார் கையெழுத்து என்பதுதான். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானவங்க பெண்கள். மாதர் தலைவி என்று ஒரு பதவி கொடுத்து மேடையில் விளக்கேற்ற வைக்கிறீங்க. கிலோ பேசுகிற அறைக்குள் அவங்களைக் கூப்பிட்டதை நான் பார்த்ததில்லை. ஒப்பந்தம் தயாரானதும் கையெழுத்துக்கு முன்னால், காலையில் வேலைக்குக் கூடுகிற பிரட்டுக்களத்தில் தமிழில் வாசிங்க. கை தூக்கச் சொல்லுங்க. சந்தா கட்டுகிற சனத்துக்கு அந்த உரிமை இல்லையா? அது நடந்தால் முதல் ஆளாக நானே எங்கள் தோட்டத்தில் ஒப்பந்தத்துக்கு ஆள் சேர்க்கிறேன்.

பழைய கணக்கப்பிள்ளை

பிரட்டுக்களத்தில் வாசிப்பது நல்ல யோசனை. நிர்வாகத்துக்கும் அது நல்லது. தொழிலாளர் காதால் கேட்டுச் சம்மதித்த அளவுக்கு மலையில் தகராறு குறைவு.

பொகவந்தலாவையிலிருந்து

ஒப்பந்தம் வருகிறபோது வரட்டும். இப்போதைக்கு ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஈரக் கொழுந்துக்கும் சாக்குக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் கிலோக் கணக்கில் கழிக்கிறார்கள். வெயில் நாளிலும் ஈரக்கழிவு. இந்தக் கழிவு இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு முழுப்பேர் விழும். யாரிடம் போவது? சங்கத் தலைவரிடம் சொன்னால் "ஒப்பந்தம் இல்லையே, எதை வைத்துப் பேச?" என்கிறார்.

சட்டக்குறிப்பு

ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் சம்பள நிர்ணய சபைச் சட்டம் இருக்கிறது, அதை வைத்துப் பேசலாம். சபை விதித்தது ஒரு சாதாரண வேலைநாளுக்கான கூலி. முழுநாளும் மலையில் நின்றவருக்குக் கிலோ குறைந்தது என்று பாதிக்கூலி எழுதுவதைத் தொழில் அலுவலகத்தில் கேள்விக்கு உட்படுத்தலாம். சம்பளப் பதிவேட்டை வரவழைத்துப் பார்க்கும் அதிகாரம் தொழில் அதிகாரிக்கு உண்டு. குறைவாகக் கொடுத்த கூலியை நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடவும் முடியும்.

இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு நிறுவையிலும் தராசு காட்டிய எடை, கழித்த எடை, எழுதிய எடை மூன்றையும் அங்கேயே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். மழையா வெயிலா என்றும் எழுதுங்கள். ஒருவர் மட்டும் எழுதினால் போதாது, ஒரே மலையில் வேலை செய்யும் பத்துப் பேராவது ஒரே மாசத்துக்கு எழுத வேண்டும். அதோடு அந்த மாசச் சம்பளச் சிட்டைகளின் பிரதியை வைத்து, சங்கத்தின் பெயரிலோ சொந்தப் பெயரிலோ உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் இங்கேயே சொல்லுங்கள், மாதிரி ஒன்று எழுதிப் போடுகிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து

போடுங்கள் ஐயா. கொப்பி நாளைக்கே வாங்குகிறோம். எங்கள் மலையில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், மற்றவர்களுக்கும் அவர்களே எழுதிக் கொடுப்பார்கள்.